பதினாறாம் எண் ரத்தம்

இன்னும் ஓர் அடுக்கு பாக்கி இருந்தது. மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியரின் மேல் அடுக்கைக் காலி செய்து வேப்பமரத்தடி சிமெண்ட் மேடையில் கவிழ்த்துவிட்டாள் காளீஸ்வரி. நடு அடுக்கில் இருந்த இட்லியைப் பிய்த்து, சக்கர நாற்காலியில் இருந்த மகனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அடி அடுக்கை இன்னும் திறக்கவில்லை. அதுவரைக்கும் நேரம் இருக்கிறது என்று ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் மாடி ஜன்னலோரம் நின்றபடி தில்லைநாயகி நினைத்துக்கொண்டாள். எதற்கு நேரம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் வருவதற்குள் பார்வை அந்தச் சின்னப் பெண்ணிடம் போய்விட்டது. பதினோரு மணிக்கு வரச்சொல்லிக் கடிதம் போட்டிருந்தது. பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். மிதுனா, பதினோரு வயது, தரையில் துண்டை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உதிர்ந்த வேப்பம்பழங்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்ததைத் தில்லைநாயகி பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வந்தபோதே உட்கார்ந்திருந்தாள். எழுவதைப் பார்க்கலாம். எழுவதுதான் வேண்டும். ரத்தம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், எழுந்தால் தெரிந்துவிடும். முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து "எந்திரி கண்ணு" என்று சொல்லியிருப்பாள். நன்றாக இருக்கிற பிள்ளை எழுந்ததே தெரியாது, நிற்கும். மற்றது முதலில் குப்புறத் திரும்பும், இரண்டு கையையும் தரையில் ஊன்றும், இடுப்பைத் தூக்கும், ஒரு கை முழங்காலுக்கு வரும், அடுத்த கை தொடைக்கு வரும், தன் உடம்பையே பிடித்துப் பிடித்து ஏறி வரும். ஏறி முடித்ததும் சில பிள்ளைகள் ஜெயித்தாற்போலச் சிரிக்கும். அந்தச் சிரிப்பை அவள் எந்தக் கட்டுரையிலும் எழுதியதில்லை. நான்கில் ஒன்று. அண்ணனுக்கு வந்த நோய் தங்கைக்கு வர நான்கில் ஒரு பங்கு. மூன்று பங்கு நல்ல பக்கம். மூன்று பெரியதுதானே, வகுப்பில் எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறாள், மூன்று பெரியது என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை, இன்றைக்குத் தோன்றுகிறது. "ஏ வாத்து, எனக்கு வச்ச சட்னிய நீ எதுக்குத் தொடுற?" என்று சிவபாலன் நாற்காலியிலிருந்து கத்துவது மேலே கேட்டது. வாத்து. அண்ணன் தங்கைகள் ஒருவரை ஒருவர் எதுவும் சொல்வார்கள். குரங்கு, எருமை, வாத்து. இடுப்புச் சதை தளர்ந்தால் நடை இரண்டு பக்கமும் சாயும், புத்தகத்திலேயே வாத்து நடை என்றுதான் போட்டிருக்கும். அவன் புத்தகம் படித்தவன் இல்லை. அவன் அதை நடந்து பார்த்தவன். இல்லை, சும்மா சொல்கிறான். எருமை என்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, ஆடி மாதம். இதே காளீஸ்வரி, இன்னும் ஒல்லியாக, ஒன்பது வயதுச் சிவபாலனை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாத்தூரிலிருந்து வந்தாள். புருஷன் சிவகாசியில் அச்சகத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை. "எங்க வீட்டுக்கும் அவுக வீட்டுக்கும் முன்னப்பின்ன பழக்கமே கெடையாது டாக்டரம்மா. சொந்தத்துல கட்டுனாத்தான இப்பிடி வரும்ங்காக?" என்று கேட்டாள். தில்லைநாயகி மருத்துவர் இல்லை. தசை நோய்கள் பரம்பரையில் எப்படி இறங்குகின்றன என்று ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர். ஆரம்பத்தில் வருகிறவர்களிடம் எல்லாம் அதைத் திருத்திக்கொண்டிருந்தாள், பிறகு விட்டுவிட்டாள். விட்டது தப்போ. மருத்துவர் என்று நினைத்துத்தான் அவள் வாயிலிருந்து விழுந்ததை மருந்து மாதிரி முழுங்கினார்களோ. ஆறு வாரம் கழித்து அறிக்கை வாங்க வந்தவள் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பினாள். இங்கிலீஷில் இருந்தது. "என்ன டாக்டரம்மா போட்டிருக்கு?" "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லம்மா." இதுதான். இவ்வளவுதான். தேடிப் பார்த்தோம், காரணம் அகப்படவில்லை என்று இவள் சொன்னாள். பயப்பட எதுவும் கிடையாது என்று அவள் கேட்டுக்கொண்டாள். கீழே விழுந்த பிள்ளையைத் தூக்கி ஒண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல என்கிறோம், சோற்றுப் பானையைக் கவிழ்த்துக் காட்டியும் ஒண்ணும் இல்ல என்கிறோம், இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை காலம் பேசிப் பிழைத்தோம். ஆனால் காளீஸ்வரியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தாளே. பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். "அப்ப இன்னொண்ணு பெத்துக்கிடலாமா?" என்று அவள் கேட்டதற்கு என்ன சொன்னோம் என்பது ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பது பொய். தலையை ஆட்டினாள். ஆட்டினாளா, அசைந்ததா. நம் தலையாட்டலுக்கு ஆமாம் என்றும் பொருள், பார்க்கலாம் என்றும் பொருள், சரி நீ கிளம்பு என்றும் பொருள். வெளியே ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள், மேஜைமேல் அனுப்ப வேண்டிய கட்டுரை இருந்தது, அவள் ஆட்டியது மூன்றாவது ஆட்டல். காளீஸ்வரி முதலாவதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மூன்று வருஷம் கழித்துக் காதுகுத்துப் பத்திரிகை வந்தது. கூடவே சாத்தூர் சேவு இரண்டு பாக்கெட், ஒரு துண்டுக் காகிதத்தில் 'டாக்டரம்மா வாக்கு பலித்தது, பெண் குழந்தை'. ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் டீயோடு தின்றார்கள். நல்ல மொறுமொறுப்பு என்று இவளும் சொன்னாள்.

நார்மல். அந்தச் சொல்லைத்தான் முதலில் பிடித்து உலுக்க வேண்டும். தொண்ணூற்று நான்கில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இருபது நார்மல் ரத்தம் தேவைப்பட்டது. நோயில்லாத ஆட்களை எங்கே போய்ப் பிடிப்பது, ஒரு சனிக்கிழமை இருந்தவர்களே வரிசையாகக் கையை நீட்டினார்கள். கேண்டீன் மாஸ்டர், ஜீப் டிரைவர், டைப்பிஸ்ட், தோட்ட வேலைக்கு வந்திருந்த இரண்டு பேர். பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும். சிறு குழாய்களில் 'நார்மல் 1', 'நார்மல் 2' என்று மார்க்கர் பேனாவால் எழுதி உறைபெட்டியில் போட்டார்கள். கரண்ட் போன நாட்களில் அந்தப் பெட்டியைக் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டது அவள்தான். எந்த நோயாளியிடம் எந்த மாற்றம் கிடைத்தாலும் முதலில் அந்த இருபதிலும் அது இருக்கிறதா என்று பார்ப்பது இங்கே வழக்கமாகிப்போனது. ஒருத்தரிடம் இருந்தாலும் போதும், நடமாடுகிற ஆளிடமே இருக்கிறது, ஆகவே சாதாரணம், அடித்துவிட வேண்டியதுதான். சிவபாலனின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. நார்மல் பதினாறிலும் அதே எழுத்து அதே இடத்தில் மாறியிருந்தது. சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. அவ்வளவு நேராக எப்படிப் போட்டாள். இந்த நோய் வர அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, இரண்டு பழுது சேர வேண்டும். ஒன்றை மட்டும் வைத்திருக்கிறவர் நூறு வயதுவரை ஓடலாம். ஆகவே நடமாடுகிற ஆளிடம் ஒன்று இருப்பது எதையும் நிரூபிக்காது. இதை அவள் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பரீட்சையில் கேள்வியாகப் போட்டிருக்கிறாள், தப்பாக எழுதியவர்களுக்கு முட்டை போட்டிருக்கிறாள். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தது அந்த நிமிஷம் கைக்கு வரவில்லை. கட்டுரைக்கான இருபத்து மூன்று குடும்பங்களின் அட்டவணையில் ஒரு கட்டம் சுத்தமாக மூடியது, கை அடுத்த கட்டத்துக்குப் போனது. அந்த ஒன்றை அடிக்காமல் விட்டிருந்தால் இன்னொன்றைத் தேடியிருப்பாள். தேடியிருந்தால் கிடைத்திருக்கும். நாலு மாதத்துக்கு முன்னால், பழைய மாதிரிகளைப் புது முறையில் திரும்பப் படித்துக்கொண்டிருந்த இளம் விஞ்ஞானி அன்வர் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு திரும்பினான். "மேடம், சாத்தூர்ப் பையனுக்கு அப்பா பக்கத்துல ஒரு துண்டே காணோம். அம்மா பக்கத்துல நீங்க அடிச்ச எழுத்து. ரெண்டும் சேர்ந்தா கதை முடிஞ்சது. யாரு மேடம் அந்தப் பதினாறு?" "நம்பர்தான் அன்வர், பேர் கெடையாது." "யாரா இருந்தாலும் பொண்ணு பார்க்கப் போறப்ப ஜாதகத்தோட இதையும் எடுத்துட்டுப் போயிருக்கணும்" என்று சிரித்தான். இவளும் சிரித்தாள். அவன் போனபிறகு பீரோவிலிருந்து தொண்ணூற்று நான்காம் வருஷ நோட்டை எடுத்தாள். பெயர் இல்லைதான். குறிப்பு என்ற கட்டத்தில் பதினாறுக்கு நேரே 'இடது கை, நரம்பு அகப்படவில்லை, இரண்டு குத்து' என்று இருந்தது. இருபது பேரில் இரண்டு குத்து வாங்கியது ஒருத்திதான். அன்றைக்குக் கேண்டீன் மாஸ்டர் இவளுக்கு ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ் கொண்டுவந்து கொடுத்தார்.

கேரியர். கீழே அடி அடுக்கைத் திறந்துவிட்டாள் காளீஸ்வரி. ஒரு பழுதை வைத்துக்கொண்டு தான் நன்றாக இருக்கிறவர்களுக்கு அறிவியலில் கேரியர் என்றுதான் பெயர். பல வருஷத்துக்கு முன் ஒரு தாயிடம் "நீங்க கேரியர்ம்மா" என்று சொன்னதற்கு அவள் "சாப்பாட்டுக் கேரியரா?" என்று கேட்டு அறையே சிரித்தது. அதிலிருந்து எல்லாத் தாய்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தாள். ஆமாம்மா, சாப்பாட்டுக் கேரியர்தான், தூக்கிட்டுப் போறவங்க வயித்துக்கு அதுல ஒண்ணும் இல்ல, வேற யாரோ திறக்கப்போற சோறு. எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் என்று பெருமைகூட. தூக்கிக்கொண்டிருந்தது தானும்தான். அம்மா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு மதுரைக்கு வந்தவள். எந்தத் தலைமுறையிலோ யாரோ ஒருவரிடமிருந்து கிளம்பிய எழுத்து ஒரு பக்கம் இவளிடம் வந்து நின்றுவிட்டது, இன்னொரு பக்கம் காளீஸ்வரியிடம் வந்து நிற்காமல் போனது. இவளுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ஐம்பத்தொன்பது வயதில் மூன்றாம் மாடிக்கு மூச்சிரைக்காமல் ஏறுகிறாள். மகன் புனேயில் பூப்பந்து ஆடுகிறான். அவள் எத்தனை வீட்டு வாசலில் ஐஸ் பெட்டியோடு போய் இறங்கி, நர்ஸ் வர மறுத்த ஊர்களில் தானே ரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்டு, பஸ்ஸில் மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வந்தாள். தேடிப் போனதெல்லாம் அடுத்தவர்களின் பழுது. தான் நார்மல் என்பதில் அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அறிவியலில் எதையும் சந்தேகப்படு என்று போர்டில் எழுதிப்போட்டு அதற்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாள்.

இயக்குநர் நல்ல மனிதர். "மறுவகைப்பாடுன்னு போடுங்க மேடம், போதும். புதிய தகவல்களின் அடிப்படையில். உலகம் பூரா அப்படித்தான் போடுறாங்க. அஞ்சு மாசத்துல ரிட்டயர் ஆகப்போறீங்க, எதுக்கு இதை இழுத்துப் போட்டுக்கிறீங்க?" புதிய தகவல். எது புதியது. துண்டு காணாமல் போனது புதிது என்றே வைத்துக்கொண்டாலும் எழுத்து பழையது, கோடு பழையது, தலையாட்டல் பழையது. கடிதத்தை நாலு முறை எழுதினாள். நாலு முறையும் அந்த வாக்கியம் தானாக வந்து உட்கார்ந்தது, 'மறுபரிசீலனை செய்யப்பட்டதில் தெரியவருகிறது'. யார் செய்தது, யாருக்குத் தெரியவருகிறது. கடைசியில் ஒரே வரி எழுதி அனுப்பினாள். சிவபாலனையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நேரில் பேச வேண்டும். இன்றைக்கு நேரில் சொல்லிவிடுவது. நான்தான் அடித்தேன் என்று சொல்வது. இருபத்து மூன்று குடும்பங்களின் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டிவருமோ என்று ஒரு நினைப்பு இடையில் ஓடியது, அந்த நினைப்பு வந்த நேரத்தில் மிதுனா தலையைத் தூக்கி அம்மாவிடம் ஏதோ கேட்டாள், இவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெண் நேராக எழுந்துவிட்டால் போதும். நேராக எழுந்துவிட்டால் தன் தப்பு காகிதத்தில் மட்டும் நடந்த தப்பாகிவிடும். இதற்காகத்தான் அது எழ வேண்டும் என்கிறாயா. இல்லை, அதற்காகவும்தான். இரண்டையும் பிரிக்க முடியவில்லை. எழுந்திரு கண்ணு. நேராக. கையை ஊன்றாமல்.

கீழே வராந்தாவில் பெயர் கூப்பிட்டார்கள். காளீஸ்வரி கையைக் கழுவினாள், மகனுக்கு வாயைத் துடைத்தாள். மிதுனா அசையவில்லை, வேப்பம்பழங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், யாரோ வருவதற்காகக் காத்திருக்கிற மாதிரி. காளீஸ்வரி அவளுக்குப் பின்பக்கமாக வந்து நின்றாள். குனிந்தாள். இரண்டு கையையும் மகளின் அக்குளுக்குள் கொடுத்து, தன் முழங்காலை அவள் முதுகுக்கு முட்டுக் கொடுத்து, ஒரே தூக்கு. மிதுனா நின்றாள். பார்க்கிறவர்களுக்கு அம்மா பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரிதான் இருக்கும். தில்லைநாயகி அந்தத் தூக்கை அறிவாள். அது ஒரு நாளில் வருவதில்லை. முதலில் கையைப் பிடித்து இழுப்பார்கள், பிள்ளை வலிக்கிறது என்று அழும், பிறகு இடுப்பைப் பிடிப்பார்கள், இரண்டு பேரும் சாய்வார்கள், பல மாதம் ஆகும் முழங்கால் முட்டுக்கு வந்துசேர. முதல் பிள்ளையைத் தூக்கிப் பழகிய கைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வரலாம். மூன்று பெரியது. ஒன்று சிறியது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுக்க வேண்டும் என்று தோன்றியது, எடுத்தாள், பைலை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பதினெட்டுப் படி. ஒவ்வொன்றிலும் கால் தானாக இறங்கியது, அந்தத் தானாக என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

ஆலோசனை அறையில் மிதுனாவைச் சுவரோரப் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் அண்ணன் நாற்காலி. காளீஸ்வரி நின்றுகொண்டே இருந்தாள்.

"உக்காருங்க காளீஸ்வரி. எப்ப இருந்து?"

எதை என்று அவள் கேட்கவில்லை. "போன பங்குனியில இருந்து டாக்டரம்மா. மொதல்ல மாடிப்படி. நீங்க கடுதாசி போடலேன்னாலும் இந்த லீவுல கூட்டிட்டு வாரதாத்தான் இருந்தேன்."

"பன்னெண்டுல நான் குடுத்த ரிப்போர்ட் தப்பு" என்றாள் தில்லைநாயகி. குரல் அடுத்தவர் குரல் மாதிரி இருந்தது. "புதுசா கண்டுபிடிச்சதுன்னு சொல்லச் சொன்னாங்க. புதுசு இல்ல. அம்மா பக்கத்துப் பழுது அன்னைக்கே என் கண்ணு முன்னாடி இருந்துச்சு. நான்தான் அதை அடிச்சேன்."

"எதுக்கு அடிச்சீக?"

"நல்லா இருக்கிற ஒரு ஆளு ரத்தத்துலயும் அதே மாதிரி இருந்துச்சு. அதனால இது சாதாரணம்னு நெனச்சேன்."

"யாரு அந்த ஆளு?"

"நான்தான்."

காளீஸ்வரி அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "அப்ப நீங்க நமக்குச் சொந்தம்னு சொல்லுங்க. சொந்தத்துல கட்டாமலே சொந்தம்."

சிவபாலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெரியம்மான்னு கூப்பிடவாம்மா?"

"சும்மா இருடா." காளீஸ்வரி சிரிக்கவில்லை.

தில்லைநாயகி நாலு மாதமாக ஒத்திகை பார்த்த வரிகளைத் தொடர்ந்தாள். "சரியா எழுதியிருந்தேன்னா, அடுத்த பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு வரலாம்னு சொல்லியிருப்பேன். வயித்துல இருக்கும்போதே பார்த்திருக்கலாம்."

"பார்த்து?"

ஒத்திகை இதுவரைக்கும்தான் இருந்தது. இதற்கு அடுத்த சொல் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறது என்பது நாலு மாதத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை.

"பார்த்து என்ன செஞ்சிருப்போம்னு சொல்லுங்க டாக்டரம்மா."

மிதுனா தலையைத் தூக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காளீஸ்வரி நாற்காலியை இழுத்துப்போட்டு, மேஜைக்கு இந்தப் பக்கம் முகம் தெரியக் குனிந்தாள். பேச்சு மூச்சளவுக்கு இறங்கியது.

"கோவம் இல்லாம இல்ல. வீட்டுக்குப் போயி அழுவேன், உங்களைத் திட்டவும் செய்வேன், அதுக்கெல்லாம் நாள் இருக்கு. ஆனா நீங்க தப்புன்னு சொல்ற எடத்துல இவதான் உக்காந்திருக்கா. எங்க வீட்ல சத்தமாச் சிரிக்கிறது இவ ஒருத்திதான். இவ காதுல அதைப் போடாதீக. மேல ஆக வேண்டியதைப் பாருங்க. மூணு மணி வண்டியில கண்டக்டர் தெரிஞ்ச ஆளு, பெரியவனைத் தூக்கி ஏத்திவிடுவாரு, அதை விட்டா கஷ்டம்."

மன்னிப்பு என்ற சொல் மிச்சம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தில்லைநாயகி எழுந்து கையைக் கழுவினாள், பஞ்சும் ஊசியும் ரப்பர் பட்டையும் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போய் மிதுனாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். மேல்கை இளைத்திருந்தது, பட்டை ஒரு சுற்று அதிகமாகச் சுற்றியது.

"வலிக்குமா?" என்று கேட்டாள் மிதுனா.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்றான் அண்ணன்.

தில்லைநாயகி, "வலிக்கும்" என்றாள்.

மிதுனா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வலது கையை உருவிக்கொண்டு இடது கையை நீட்டினாள்.

"அப்ப இதுல எடுங்க. அது எழுதுற கை."